எஸ்பெராண்டோவின் ‘ன்’னும் நம்முடைய ‘ஐ’யும்

செந்தூல்காரன்:
“முதலில் எஸ்பெராண்டோ படியுங்கள், அப்புறம் எந்த மொழியும் சுலபம்” என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். நம் மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஏழு வயதிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் சுமக்கிறது. சாமன்ஹோஃப் என்ற ஒருவர் உட்கார்ந்து செய்து 1887-இல் வெளியிட்ட செயற்கை மொழி அதற்கு எதற்கு?

ஜெலுத்தோங் டீச்சர்:
எழுதியது நான்தான். ஜெர்மன் வகுப்பில் இரண்டு முறை தோற்றவள் நான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘டேர்’ எப்போது ‘டென்’ ஆகும் என்று பிடிபடவே இல்லை. எஸ்பெராண்டோவில் ஹுண்டோ என்றால் நாய், ஹுண்டோன் என்றால் நாயை. செயப்படுபொருள் என்றால் ‘ன்’, அவ்வளவுதான். அதில் பழகிய பிறகுதான் ஜெர்மன் வந்தது.

செந்தூல்காரன்:
‘நாயை’ என்று நீங்களே எழுதிவிட்டீர்களே டீச்சர்! அந்த ‘ஐ’தான் இது. இரண்டாம் வேற்றுமை. தாய்மொழியில் இருப்பதை வெளியே போய் வாங்குவானேன்?

ஜெலுத்தோங் டீச்சர்:
‘புத்தகம் படித்தேன்’ என்கிறோம். ‘ஐ’ எங்கே போனது? எஸ்பெராண்டோவில் ‘லிப்ரோன்’ என்றுதான் சொல்ல வேண்டும், விட முடியாது. நாம் யோசிக்காமல் பேசுவதை அது யோசிக்க வைக்கிறது.

பாயான் பாரு:
அண்ணே, 1970-களில் ஜெர்மனியின் பாடர்போர்னில் ஹெல்மார் ஃபிராங்க் என்ற ஆய்வாளர் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தே பார்த்தார். முதலில் எஸ்பெராண்டோ, அப்புறம் ஆங்கிலம். பலன் இருந்தது என்றார்.

செந்தூல்காரன்:
அது ஜெர்மன் பிள்ளைகள், தம்பி. நம் பிள்ளைகளுக்கு அஜார் (கற்பி), பெலாஜார் (படி), பெலாஜாரான் (பாடம்) என்று ஒரு வேரிலிருந்து சொல் பிரிப்பதை மலாயே கற்றுத் தருகிறது. ‘ஐ’யைத் தமிழ் தருகிறது. மறுபடியும் சொல்கிறேன்: ‘ஐ’ இருக்கிறவனுக்கு ‘ன்’ வேண்டாம்.

ஜெலுத்தோங் டீச்சர்:
‘புத்தகம் படித்தேன்’ என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

செந்தூல்காரன்:
‘புத்தகத்தைப் படித்தேன்’ என்றும் சொல்லலாமே! வந்துவிட்டதா ‘ஐ’?

ஜெலுத்தோங் டீச்சர்:
சொல்லலாம் என்பது வேறு, சொல்லியே ஆக வேண்டும் என்பது வேறு. தமிழே போதும் என்கிறவர் பிள்ளையை ஏன் சீனப்பள்ளியில் சேர்த்தீர்கள்? போன வருடம் நீங்கள்தானே இங்கே பெருமையாக எழுதினீர்கள்?

செந்தூல்காரன்:
என் பிள்ளையை இதில் இழுக்காதீர்கள். மாண்டரின் பேச எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறது. எஸ்பெராண்டோ பேச ஜெலுத்தோங்கில் ஒருவரைக் காட்டுங்கள்.

ஜெலுத்தோங் டீச்சர்:
நான் இருக்கிறேன்.

பாயான் பாரு:
சீனப்பள்ளியைப் பற்றி ஏன் இவ்வளவு இளக்காரம் டீச்சர்? என் மகளும் அங்கேதான் படிக்கிறாள்.

செந்தூல்காரன்:
அதைவிடுங்கள் தம்பி. டீச்சர், ‘ஐ’க்கு வாருங்கள்.