ரெண்டு டிராக்கும் 4ஏ தான், கலந்தா மட்டும் அடில ஊளையிடுது, இன்னா தப்பு?

தண்டையார்பேட்டை டெக்:
மச்சிங்களா ஒரு டவுட்டு. ஞாயித்துக்கெழம கசின் பர்த்டேக்கு மொட்டமாடில ஒரு மணி நேரம் டெக்னோ (எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்) செட் போட்டேன் (கானா கேக்க வந்தவனுங்களுக்கு டெக்னோ, நம்ம தைரியம் அப்டி). ஒரு டிராக்கு 132 பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தன பீட்டுனு கணக்கு), அடுத்தது 140, ரெண்டையும் 136க்கு கொண்டாந்து சேத்தேன், சாஃப்ட்வேர்ல ரெண்டுக்குமே கீ (சுருதி) 4ஏ னு காட்டுது, கேம்லாட் சக்கரத்துல (கீக்கெல்லாம் நம்பர் போட்ட டிஜே சார்ட்டு) ஒரே நம்பர்னா கண்ண மூடினு கலக்கலாம்னு தான எல்லாரும் சொல்றானுங்க? பீட் பக்கா. ஆனா ரெண்டாவது டிராக்கோட பேஸ் உள்ள வந்ததும் ஊங்... ஊங்...னு ஏறி எறங்குது, தண்ணி டேங்க் பக்கத்துல நின்னுனு இருந்த பெரிப்பா "இன்னாடா, ஸ்பீக்கர் கிழிஞ்சிட்ச்சா"ன்றாரு. மானமே போச்சு.

909 பைத்தியம்:
கீ லாக் (ஸ்பீடு மாறுனாலும் சுருதிய மாறாம புடிச்சு வெக்கிற பட்டன்) போட்டிருந்தியா? சில மிஷின்ல மாஸ்டர் டெம்போனு இருக்கும்.

தண்டையார்பேட்டை டெக்:
இல்ல தல, அந்த பட்டன தொட்டதே இல்ல.

909 பைத்தியம்:
அதான் மேட்டர். பேட்டரி தீர்ற டேப் ரெக்கார்டர்ல பாட்டு இழுத்து குரல் தடிச்சிடும்ல, அதே கதை, ஸ்பீடு மாறுனா சுருதியும் கூடவே மாறும். சுமார் 6 பர்சென்ட்டுக்கு ஒரு செமிடோன், அதாவது அரை கட்டை. நீ மொதல் டிராக்க 3 பர்சென்ட் ஏத்திட்ட, ரெண்டாவத 3 பர்சென்ட் கிட்ட எறக்கிட்ட, ஆக மொத்தம் ரெண்டுக்கும் நடுவுல முழுசா ஒரு செமிடோன். ஸ்க்ரீன்ல நீ பாத்த 4ஏ ஒரிஜினல் ஸ்பீடோட கீ. 4ஏ னா எஃப் மைனர், அடி எஃப் நோட்டு 43.65 ஹெர்ட்ஸ், நீ பண்ண வேலைல ஒண்ணு 45 கிட்ட போச்சு, இன்னொண்ணு 42.4, அந்த ரெண்டரை ஹெர்ட்ஸ் வித்தியாசம் தான் உனக்கு ஊங் ஊங்னு கேட்டது. ஸ்பீக்கர் மேல ஒரு தப்பும் இல்ல.

ராயபுரம் கீபோர்டு:
தம்பி, நான் சர்ச்ல கீபோர்டு வாசிக்கிறவன், டெக்னோலாம் தெரியாது, ஆனா இது கட்டை கணக்கு. எஃப் னா நாலு கட்டை. ஒருத்தன் நாலுக்கு கால் கட்டை மேலயும் இன்னொருத்தன் கால் கட்டை கீழயும் பாடுனா கேக்க முடியுமா? அரை கட்டை இடிக்கிற மாதிரி மோசமான இடி வேற இல்ல. அப்புறம் 4ஏ வும் நாலு கட்டையும் ஒண்ணா வந்தது சும்மா தற்செயல், 5ஏ வ அஞ்சு கட்டைனு நெனச்சுடாத, அது சி மைனர், ஒரு கட்டை. 4ல இருந்து 5க்கு போறது ஏன் ஒத்துப்போகுதுனா, பழைய பஞ்சமம் புது சட்ஜம் ஆகுது, அவ்ளோதான், ஏழு ஸ்வரத்துல ஒண்ணே ஒண்ணு தான் மாறும். 4ஏ ல இருந்து 4பி (ஏ னா மைனர், பி னா மேஜர்) போனா அதுவும் மாறாது, நடபைரவில காந்தாரத்த சட்ஜமா வெச்சா சங்கராபரணம் வரும்ல, நம்ம ஊர் கிரகபேதம் தான் அது.

வியாசர்பாடி டோலக்:
அண்ணன் சொன்னது சரி, ஆனா டெக்னோவுக்கு இவ்ளோ பயப்படாத நைனா. பாதி டிராக்குல மெலடியே கெடையாது, வெறும் பெர்கஷன் லூப்புக்கு சாஃப்ட்வேர் காட்டுற கீலாம் குத்துமதிப்பு, ஹெட்போன்ல கேட்டு பாத்துட்டு நம்பு. கிக்குக்கும் (டம் டம்னு அடிக்கிற டிரம்) சுருதி இருக்கு, பறைய நெருப்புல காட்டி ஏத்தறானுங்கல்ல, அத மாதிரி இதையும் டியூன் பண்ணி தான் வெச்சிருப்பானுங்க. அதனால ரெண்டு டிராக்கோட லோவையும் (அடி பேஸ் சத்தம்) ஒண்ணா ஓட விடாத, புதுசோட லோ ஈக்யூவ (பேஸ கூட்டி கொறைக்கிற குமிழ்) முழுசா வெட்டிட்டு உள்ள கொண்டா, 16 பார் (ஒரு பார்னா நாலு பீட்டு) முடியற ஒண்ணாவது பீட்ல பழசோடத எறக்கி இதோடத ஏத்து. டெக்னிக்ஸ் 1200 மார்க் 2 ரெக்கார்டு பிளேயர்ல கீ லாக்கே கெடையாது, பிட்ச் 8 பர்சென்ட் மேல கீழ, அதுல தான ஊரே மிக்ஸ் பண்ணுச்சு. லாக் இல்லாம 132 டிராக்க 140க்கு ஏத்துனா 4ஏ ஆனது 11ஏ ஆயிடும், அதுக்கு ஜோடியா 10, 11, 12 எதுனா தேடி பாரு, நான் அப்டித்தான், கீ லாக் போட்டா கிக்கோட அடி மொண்ணையான மாதிரி எனக்கு ஒரு ஃபீலு.

909 பைத்தியம்:
3 பர்சென்ட்டுக்குலாம் ஒண்ணும் மொண்ணையாவாது, டபாய்க்காத.

தண்டையார்பேட்டை டெக்:
நேத்து நைட்டு கீ லாக் போட்டு அதே ரெண்டு டிராக்கு, லோவயும் வெட்டி மாத்துனேன், ஊங் சுத்தமா காணோம். பெரிப்பாவ கூப்ட்டு நிக்க வெச்சு கேக்க வெச்சேன், ரெண்டாவது டிராக்கு ஓட ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு "எப்படா பாட்ட மாத்துவ"ன்னு கேட்டாரு.