எட்டுச் சுற்றுக்குள் ஒளிந்திருக்கும் விலை

குன்னூர் ஸ்னைப்பர்:
இந்த வாரம் நம் கேமின் லாபிக்குள், அதாவது ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் கூடும் திரைக்குள், நுழைந்தால் எல்லோரும் கதாபாத்திரத்துக்கு மாட்டும் அந்தச் சிவப்பு ஜாக்கெட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதன் விலை என்ன என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. கேமின் கடையைத் திறந்தால் ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் விலை எதுவும் கிடையாது. ஒரு சக்கரம் இருக்கிறது, அதன் கீழே '10 டைமண்ட்' என்று ஒரு பட்டன். டைமண்ட் என்பது நிஜக் காசு கொடுத்து வாங்கும் கேம் நாணயம். பத்து டைமண்ட் என்றால் ஒன்பது ரூபாய்கூட வராது. ஆனால் அது முதல் சுற்றுக்கு மட்டும்தான். அடுத்தது 20, பிறகு 40, 70, 100, 150, 200, கடைசிச் சுற்று 500. சக்கரத்தில் எட்டுப் பொருள். ஒரு தடவை விழுந்தது மறுபடி விழாது, அதனால் எட்டாவது சுற்றுக்குள் எப்படியும் ஜாக்கெட் வந்துவிடும். மொத்தம் கூட்டிப் பாருங்கள், 1,090 டைமண்ட். இந்த எண் திரையில் எந்த மூலையிலும் இல்லை.

சரி, டைமண்ட் வாங்கலாம் என்று போனால் 1,090-க்கு பேக் கிடையாது. 1,000 டைமண்ட் பேக் 799 ரூபாய், 100 டைமண்ட் பேக் 89 ரூபாய். இரண்டையும் வாங்கினால் 888 ரூபாய், ஜாக்கெட் போகக் கையில் 10 டைமண்ட் மிச்சம். அடுத்த வாரம் புதுச் சக்கரம் வரும்போது முதல் சுற்றுக்கு எவ்வளவு வேண்டும்? அதே 10. இது தற்செயல் என்று நம்புகிறவர்கள் கை தூக்கலாம்.

888-ஐ 88 ஆக்கச் சொல்லவில்லை. 'இந்த ஜாக்கெட்டுக்கு அதிகபட்சம் இவ்வளவு ரூபாய் ஆகும்' என்று முதல் பட்டனுக்கு மேலேயே எழுதச் சொல்கிறேன். அவ்வளவுதான்.

கொடை முப்பரிமாணம்:
தம்பி, நான் கொடைக்கானலில் வீட்டிலிருந்தே கேம்களுக்கு முப்பரிமாண மாடல் செய்து கொடுக்கிறவன். ஸ்கின், அதாவது இந்த ஜாக்கெட் மாதிரி கதாபாத்திரத்தின் தோற்றத்தை மாற்றும் பொருள், என்றால் ஏதோ கலர் மாற்றி ஒட்டுகிற வேலை என்று பேசுகிறவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது. முதலில் வரைய வேண்டும், பிறகு மாடல் செய்ய வேண்டும், அதன்மேல் துணியின் மடிப்பும் தையலும் கொண்டுவர வேண்டும். அப்புறம் உடம்பின் அசைவோடு பொருத்துவது. ஓடும்போது ஜாக்கெட்டின் ஓரம் தொடைக்குள் புகக் கூடாது, குனிந்தால் முதுகில் மாட்டிய துப்பாக்கி துணியைக் கிழித்துக்கொண்டு நிற்கக் கூடாது. கடைசியில் பழைய போனிலும் ஓட வேண்டும் என்று அதே ஜாக்கெட்டை இன்னும் எளிமையாகத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். நீங்கள் கட்டும் பணத்தில் ஆப் ஸ்டோர் 30 சதவீதம் வரை எடுத்துக்கொள்கிறது. ஆட்டம் உங்களுக்கு இலவசம், சர்வர் யாருக்கும் இலவசமில்லை. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு ரூபாய்கூடச் செலவழிப்பதில்லை. ஜாக்கெட் வாங்குகிறவர் காசில்தான் மற்றவர்கள் ஆடுகிறார்கள்.

நேர்விலை போட்டால் எல்லோரும் சந்தோஷமாகிவிடுவார்கள் என்ற நினைப்பும் வேண்டாம். ஓவர்வாட்ச் 2 என்ற கேம் வந்த 2022-இல், உள்ளே என்ன என்று தெரியாமல் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளை எடுத்துவிட்டு நேர்விலைக் கடை வைத்தார்கள். உயர்ரக ஸ்கின் ஒன்று ஏறத்தாழ 20 டாலர். இதற்குப் பழைய பெட்டியே தேவலாம் என்று ஆட்டக்காரர்களே புலம்பினார்கள். 2025 பிப்ரவரியில் பெட்டி திரும்பி வந்தது, ஆடிச் சம்பாதிக்கிற மாதிரி.

குன்னூர் ஸ்னைப்பர்:
அண்ணே, மலிவாகக் கொடு என்று நான் எங்கே கேட்டேன்? 20 டாலர் என்று எழுதியிருந்ததால்தான் அவர்களால் புலம்பவே முடிந்தது. 2006-இல் ஆப்லிவியன் கேமில் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகமே கேலி செய்தது. விலை கண்ணுக்குத் தெரிந்ததால் கேலி செய்தார்கள். இந்த ஜாக்கெட்டைக் கேலி செய்யக்கூட நான் கால்குலேட்டரை எடுக்க வேண்டியிருக்கிறது.

குந்தா பவர்ஹவுஸ்:
என் காசு, என் இஷ்டம். எனக்கு இரண்டாவது சுற்றிலேயே ஜாக்கெட் விழுந்துவிட்டது, மொத்தமே 30 டைமண்ட். நீங்கள் சொல்கிற நேர்விலை வந்தால் என்னைப் போன்றவனுக்குத்தான் நஷ்டம். சுழற்றுகிற த்ரில்லும் போச்சு.

கணக்கு கோத்தகிரி:
பவர்ஹவுஸ், வாழ்த்துகள். உங்களைப் போல நூறில் ஒருவர்தான் இருப்பார், எப்படி என்று சொல்கிறேன்.

எட்டுப் பொருளுக்கும் சம வாய்ப்பு என்றால் ஒவ்வொன்றுக்கும் 12.5 சதவீதம். அப்படி இருந்தால் ஜாக்கெட்டுக்கு ஆகும் சராசரிச் செலவு 320 டைமண்ட்தான் வரும். பெரும்பாலோர் மனதில் போடும் கணக்கு ஏறக்குறைய இதுதான். ஆனால் சக்கரத்தின் ஓரத்தில் உள்ள சின்னத் தகவல் பட்டனை அழுத்திக் கீழே தள்ளிக்கொண்டே போனால், முதல் சுற்றில் ஜாக்கெட்டுக்கு 0.5 சதவீதம் என்று இருக்கிறது. மற்ற ஏழுக்கும் மிச்ச வாய்ப்பைச் சமமாகப் பிரித்துப் பார்த்தேன். முதல் இரண்டு சுற்றுக்குள் ஜாக்கெட் விழ வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம். கடைசிச் சுற்று வரை போக வேண்டியவர்கள் நூறில் 91 பேர். அதாவது 1,090 என்பது பெயருக்குத்தான் 'அதிகபட்சம்'. அதுதான் விலை. சிலருக்குத் தள்ளுபடி விழுகிறது, அவ்வளவே.

இதற்காவது ஒரு உச்சவரம்பு உண்டு. கிரேட், அதாவது அதிர்ஷ்டப் பெட்டி, திறக்கிற ஆட்டங்களில் பல இடத்தில் அதுவும் இல்லை. 1 சதவீதம் என்று போட்டிருந்தால் நூறு கிரேட் திறந்தால் ஒன்று நிச்சயம் என்றுதான் என்னிடம் படிக்கிற பிள்ளைகள் நினைக்கிறார்கள். நூறு திறந்தும் வெறுங்கையோடு நிற்க 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 90 சதவீத உறுதி வேண்டும் என்றால் 230 தடவை திறக்க வேண்டும்.

கொடை முப்பரிமாணம்:
கணக்கு சரி சார், மறுக்கவில்லை. ஆனால் அந்த 0.5 சதவீதம் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? கம்பெனியே போட்டிருக்கிறது. ஆப்பிள் 2017 டிசம்பரிலும் கூகுள் பிளே 2019-லும் வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்று விதி கொண்டுவந்துவிட்டன. படிக்காமல் பட்டனை அமுக்குகிறவனுக்கு யார் பொறுப்பு?

கணக்கு கோத்தகிரி:
படிப்பவனுக்கும் பாதிதான் கிடைக்கிறது. ஒவ்வொரு பொருளும் விழுந்து கழிய வாய்ப்பு எப்படி மாறுகிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. போடுகிற எண்ணும் உண்மையாக இருக்க வேண்டுமே. மேப்பிள்ஸ்டோரி என்ற கேமின் விவகாரம் தெரிந்திருக்கும். பொருளுக்குக் கிடைக்கும் திறன்களில் பலரும் விரும்பிய சில சேர்க்கைகள் வரவே வராதபடி அமைத்துவிட்டு ஆட்டக்காரர்களிடம் சொல்லவில்லை என்று தென்கொரியாவின் வணிகப் போட்டி ஆணையம் 2024 ஜனவரியில் நெக்ஸான் நிறுவனத்துக்கு சுமார் 1,160 கோடி வோன் அபராதம் போட்டது. அந்த மார்ச்சிலிருந்து அங்கே வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம்.

மஞ்சூர் செல் சர்வீஸ்:
நான் செல்போன் கடை வைத்திருக்கிறேன். டைமண்ட் டாப்அப்புக்கு ரிடீம் கோட் வாங்க வருகிற பையன்களைத் தினமும் பார்க்கிறேன். யாரும் 900 ரூபாய்க்கு ஒரே தடவையில் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் "வீட்டில் தெரியுமா தம்பி?" என்று நானே கேட்டுவிடுவேன். பள்ளி விட்டதும் 100 ரூபாய்க்கு வருவான். மழையில் நனைந்துகொண்டு கடை ஓரத்திலேயே நின்று போனைத் தேய்ப்பான். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து "அண்ணா, இன்னொரு நூறு". மறுநாள் ஐந்நூறு. துண்டு துண்டாக வருகிறபோது எனக்கும் கேட்கத் தோன்றாது, அவனுக்கும் எவ்வளவு போனது என்று தெரியாது.

குந்தா பவர்ஹவுஸ்:
கோட் விற்றுக் கமிஷன் வாங்குவதும் நீங்கள்தானே கடைக்கார அண்ணே?

மஞ்சூர் செல் சர்வீஸ்:
வாங்குகிறேன். பெரிதாக ஒன்றும் நிற்காது. நான் விற்கிற சார்ஜர் அட்டையில்கூட வரி உட்பட அதிகபட்ச சில்லறை விலை அச்சடித்திருக்கிறது. இல்லாமல் விற்றால் என்னைப் பிடிப்பார்கள்.

கூடலூர் அக்கா:
எதற்கு இவ்வளவு கணக்கு? சூதாட்டத்தைத்தான் தடை செய்துவிட்டார்களே. பெல்ஜியம் 2018-லேயே இந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. மொத்தமாக எடுக்கச் சொல்லுங்கள்.

குன்னூர் ஸ்னைப்பர்:
அக்கா, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் பணம் கட்டிப் பணம் வெல்கிற ஆட்டங்களைக் குறிவைத்தது. நம் மாநிலத்தின் 2022 சட்டமும் ரம்மி, போக்கர் பக்கம்தான். ஜாக்கெட்டை விற்றுக் காசாக்க முடியாத ஆட்டத்தில் அந்தச் சட்டத்தைக் காட்டினால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நமக்கு உதவக்கூடியது நுகர்வோர் பக்கம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் ஆன்லைனில் வாங்குபவரை ஏமாற்றும் திரை வடிவமைப்புகளுக்கு எதிராக வழிகாட்டுதல் கொண்டுவந்து 13 வகைகளைப் பட்டியல் போட்டது. விலையை முன்பே சொல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவது அதில் ஒன்று. நம் சக்கரம் வேறென்ன?

கொடை முப்பரிமாணம்:
அங்கேதான் வழுக்குவாய். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் அந்தச் சுற்றின் விலை திரையில் இருக்கிறதே, எதை மறைத்தோம் என்பார்கள். நான் அவர்கள் வக்கீலாக இருந்தால் அதைத்தான் சொல்வேன். ஐரோப்பாவைப் பார். 2025 மார்ச்சில் அங்குள்ள அரசு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள், கேமுக்குள் விற்கும் பொருளுக்கு நிஜப் பணத்தில் விலை காட்ட வேண்டும், வேண்டாத டைமண்டைத் தலையில் கட்டும் பேக் கூடாது என்று நேரடியாகவே சொல்லிவிட்டன. நம் வழிகாட்டுதலில் டைமண்ட் என்ற பேச்சே இல்லை.

எடக்காடு தோட்டம்:
நடுவில் வருகிறேன். எங்கள் வீட்டில் பச்சைத் தேயிலை கொடுக்கிறோம். இன்று எடை போட்டுக் கொடுத்த இலைக்கு விலை பிறகுதான் தெரியும். குன்னூர் ஏலத்தின் சராசரியை வைத்துத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும். கட்டுப்படியாகவில்லை என்று போராட்டம் நடக்கும், அது வேறு கதை. ஆனால் இந்த விலை எப்படி வந்தது என்று கேட்டால் காட்ட ஒரு கணக்கு இருக்கிறது. ஜாக்கெட்டுக்கு அதுகூட இல்லை.

கொடை முப்பரிமாணம்:
தேயிலையை இங்கே இழுக்காதீர்கள் ஐயா. இலைக்கு விலை குறைந்தால் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். ஜாக்கெட் இல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் ஆகாது. அதோடு ஸ்கின்னுக்குத் தயாரிப்புச் செலவை வைத்து விலை சொல்லவே முடியாது. முதல் ஜாக்கெட் செய்யத்தான் செலவு, பத்தாயிரமாவது ஜாக்கெட்டுக்குச் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம். எவ்வளவு வைத்தாலும் அது வாங்குகிறவனின் ஆசைக்கு வைத்த விலைதான். அதனால் 'நியாய விலை நிர்ணயம்' என்று யாராவது மனு எழுதினால் நான் ஒதுங்கிக்கொள்வேன். மொத்தத் தொகையை முதலில் காட்டு என்று மட்டும் கேட்டால் என் பெயரையும் போட்டுக்கொள்.

குந்தா பவர்ஹவுஸ்:
மனு எழுதினால் அந்த டைமரையும் சேர்க்க வேண்டும். 'இனி வரவே வராது, இன்னும் 6 மணி நேரம்' என்று ஓடவிட்டு ஒரு முகமூடியை வாங்க வைத்தார்கள். சில மாதத்தில் அதே முகமூடி வேறு கலர் பெட்டியில் திரும்பி வந்தது. இதற்கு மட்டும் நானும் வருகிறேன்.

கணக்கு கோத்தகிரி:
பொய் அவசரம் காட்டுவதும் அந்த 13-இல் ஒன்றுதான். பழைய ஸ்கிரீன்ஷாட் இருந்தால் எடுத்து வையுங்கள். சக்கரத்தைவிட இதை நிரூபிப்பது சுலபம். புகாரை 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் பதிவு செய்யலாம்.

குன்னூர் ஸ்னைப்பர்:
அப்படியானால் மூன்று கோரிக்கை. சக்கரத்தின் மொத்த விலை ரூபாயில், முதல் பட்டனுக்கு மேலே. ஒவ்வொரு சுற்றுக்கும் மாறுகிற வாய்ப்பு விகிதம் அதே திரையில். திரும்பி வரக்கூடிய பொருளுக்கு 'கடைசி வாய்ப்பு' டைமர் கூடாது. விலைக் குறைப்பு பற்றி ஒரு வரியும் இல்லை அண்ணே.

கொடை முப்பரிமாணம்:
ரூபாய் என்றால் எந்த பேக்கின் கணக்கில்? 888 என்று எழுதினால் சின்னச் சின்ன பேக்காக வாங்கியவனுக்கு அது தப்பான எண்.

குன்னூர் ஸ்னைப்பர்:
மிகச் சிறிய பேக்கின் கணக்கில். 89 ரூபாய் பேக் 11 வாங்கினால் 979. மஞ்சூர் அண்ணன் கடைக்கு வருகிற பையன் அப்படித்தான் வாங்குகிறான்.

கொடை முப்பரிமாணம்:
எந்தக் கம்பெனியும் 979 என்று தானே எழுதிப் போடாது.

குன்னூர் ஸ்னைப்பர்:
போடப் பிடிக்காவிட்டால் டைமண்டை எடுத்துவிட்டு ரூபாயிலேயே விற்கட்டும், எனக்கு அதுவும் சம்மதம். வரைவை ஞாயிறு ராத்திரி இங்கேயே போடுகிறேன். பவர்ஹவுஸ், அந்த முகமூடி ஸ்கிரீன்ஷாட் இரண்டும் தேதி தெரிகிற மாதிரி வேண்டும்.