ஆவணி முதல் தை வரை: பல்கலை நகர்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு சென்றுவர ஏற்ற விழாக்கள் எவை?

கேள்வி: புதுக்குடித்தனம்

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்ய இடம் கிடைத்ததால், கடந்த பங்குனியில் தூத்துக்குடியிலிருந்து நாகமலைப் புதுக்கோட்டைக்குக் குடிவந்தோம். வீட்டில் எழுபது வயதைக் கடந்த அத்தையும், மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளும் இருக்கிறார்கள். அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. அரை மணி நேரத்திற்கு மேல் அவர்களால் நிற்க முடியாது.

வந்த மறு மாதமே சித்திரைத் திருவிழா வந்ததால், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று விடியற்காலையில் நால்வரும் புறப்பட்டுப் போனோம். கோரிப்பாளையத்தைத் தாண்டிய சிறிது நேரத்தில் நெரிசலில் மகளின் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மா அவளைத் தம் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார்கள். கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தை இன்று நினைத்தாலும் எனக்கு உடல் நடுங்குகிறது. அழகரையும் நாங்கள் பார்க்கவில்லை.

இப்போது ஆடி முடியப்போகிறது. ஆவணியிலிருந்து தை வரை மதுரையில் விழாக்களுக்குக் குறைவிருக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பேருந்தில் போய் இரவுக்குள் திரும்பக்கூடியதாகவும், அத்தை உட்கார்ந்து பார்க்கக்கூடியதாகவும், மகளுக்கு ஊரைப் பற்றி ஏதேனும் மனத்தில் நிற்கக்கூடியதாகவும் உள்ளவற்றைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். கோயில் விழாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

பதில் 1: நாகமலைவாசி

வணக்கம் அம்மா. நான் நாற்பது ஆண்டுகளாக நாகமலை அடிவாரத்தில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். மதுரைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் சித்திரைத் திருவிழாவுக்குப் போய்ச் சிரமப்பட்டு, அதன் பிறகு எந்த விழாவுக்கும் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த ஊர் விழாக்களில் நீங்கள் முதலில் போக வேண்டியது ஆவணி மூலத்தன்று நடக்கும் புட்டுத் திருவிழா என்பது என் உறுதியான கருத்து. சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடப்பதுபோல ஆவணியில் சுந்தரேசுவரருக்குப் பட்டாபிஷேகம் நடக்கிறது. அந்த ஆவணித் திருவிழாவின் நாள்களில் கருங்குருவிக்கு உபதேசம் செய்தது, வளையல் விற்றது, நரியைப் பரியாக்கியது என்று திருவிளையாடல்களை ஒவ்வொன்றாக நடித்தே காட்டுகிறார்கள். மூல நட்சத்திரத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் கோயிலை விட்டுக் கிளம்பி, ஆரப்பாளையத்தை அடுத்த புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுகிறார்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும், மேலூர்ப் பக்கத்துத் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வந்து சேர்வார்கள். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் அந்தத் திருவாதவூர்தான் என்பதை மகளுக்குச் சொல்லுங்கள்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வைகை பெருகியபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட, ஆள் இல்லாத கிழவி வந்திக்காக இறைவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கித் தின்றுவிட்டு, வேலை செய்யாமல் உறங்கிப் பிரம்படி பட்டான். நான் சொல்ல வருவது இடத்தைப் பற்றி. புட்டுத்தோப்பில் நின்றால் வைகைக் கரை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கதை நடந்ததாகச் சொல்லும் இடத்திலேயே அதை நடித்துக் காட்டும் விழா இது. மண்வெட்டியும் கூடையும் வரும். மண் சுமக்கும் காட்சி நடக்கும். பிரம்படி விழும் நேரத்தில் அதுவரை பேசிக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் வாயடைத்துப் போகும். அந்த அடி எல்லா உயிர்கள் மேலும் விழுந்தது என்பது கதையாகையால், எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் ஒருமுறை தம் முதுகைத் தாமே தடவிக்கொண்டதைப் பார்த்தேன்.

கூட்டம் உண்டு, ஆனால் சித்திரைக் கூட்டம் அல்ல. சுற்றுவட்டத்துத் தெருக்காரர்களே பெரும்பாலும் வருவதால் திண்ணையில் அத்தையை உட்கார வைக்கச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். வழியும் எளிது. தேனி சாலையில் விராட்டிபத்து, காளவாசல் வழியாக ஆரப்பாளையம் பேருந்து நிலையம் போகும் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். இறங்கிய இடத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சாமி புறப்பட்ட பின் கோயில் நடை சாத்தப்படும் என்பதால், அன்றைக்கே மீனாட்சி கோயிலையும் பார்த்துவிடலாம் என்று திட்டமிட வேண்டாம். காலையில் வெயிலுக்கு முன் வந்து, மதியம் லீலை முடிந்ததும் திரும்பிவிடுங்கள்.

செப்டம்பரில் இன்னொன்று உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று காலையில், மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டில்தான் காந்தியடிகள் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். இன்று அங்கே கதர் விற்பனை நிலையம் நடக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில் மாலையணிவித்து நினைவுகூருவார்கள். பெரிய விழா அல்ல, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் தமுக்கம் மைதானத்தை அடுத்த காந்தி அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப் போங்கள். இராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த அந்தக் கட்டடத்தில் அது 1959 முதல் இயங்குகிறது. காந்தியடிகள் சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த துணியை அங்கே வைத்திருக்கிறார்கள். எட்டு வயதுக் குழந்தை அதன் முன் நின்று கேள்வி கேட்காமல் இருக்காது.

புத்தகத் திருவிழாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடந்த சில ஆண்டுகளாகச் செப்டம்பர், அக்டோபரை ஒட்டித் தமுக்கத்தில் நடந்துவருகிறது. தேதியை மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும். வார நாளில் காலையில் போனால் நெரிசல் இல்லாமல் பார்க்கலாம்.

பதில் 2: அவனியாபுரத்துப் பையன்

அக்கா, ஐயா சொன்னவற்றோடு எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. கூட்டம் குறைந்த விழாக்களுக்கு மட்டும் போனால் மதுரையைப் பாதிதான் பார்த்ததாகும். நெரிசலுக்குள் போகாமலே பெருங்கூட்டத்தைப் பார்க்க இடங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதே என் எண்ணம்.

நான் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கும் வீட்டில் பிறந்தவன். தை முதல் நாள் எங்கள் அவனியாபுரத்திலும், மறுநாள் பாலமேட்டிலும், அதற்கு மறுநாள் அலங்காநல்லூரிலும் வாடிவாசல் திறக்கும். இருந்தாலும் உங்கள் அத்தையையும் மகளையும் அந்த மூன்று நாளும் அங்கே அழைத்து வர வேண்டாம் என்று மனதாரச் சொல்கிறேன். காலை முதல் மாலை வரை வெயிலில் இருக்க வேண்டும், இடையில் வெளியே வரவும் வழி இருக்காது. அதற்குப் பதிலாக மார்கழி மாதத்தில் உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு கிராமத்துக் கண்மாய்க்கு மாலையில் போய்ப் பாருங்கள். காளைகளுக்கு நீச்சல் பயிற்சி நடக்கும் நேரம் அது. கழுத்தளவுத் தண்ணீரில் திமிலும் கொம்பும் மட்டும் தெரிய, கயிற்றைப் பிடித்தவர் கரையோரமாகவே கூட நடப்பார். கரையேறியதும் குவித்து வைத்த மண்மேட்டைக் கொம்பால் குத்திக் கிளறும். எங்கள் வீட்டில் அந்த வேலை என் தங்கையுடையது. என்னைக் கண்டால் தலையைச் சிலுப்பும் காளை, அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் குட்டிபோல வந்து நிற்கும். உங்கள் மகள் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். வளர்ப்பவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள், சிவப்புத் துணியோ குடையோ விரிக்காதீர்கள், அவர் சொல்லும் தூரத்திலேயே நில்லுங்கள்.

பெருங்கூட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தைப் பௌர்ணமியில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் நடக்கும் தெப்பத் திருவிழாவுக்கு வாருங்கள். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய குளம் அது. நான்கு கரையும் நீளமாக இருப்பதால் எவ்வளவு பேர் வந்தாலும் பரவி நிற்க இடமுண்டு. சுற்றுச்சுவரை ஒட்டி அத்தை உட்கார்ந்துகொள்ளலாம். காலையில் தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றும்போது, கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுத்துத்தான் அது நகரும். சிறுவர்களும் வடத்தைத் தொடலாம். இரவில் விளக்கொளியோடு மறுபடி சுற்றும். இரவுக் காட்சி அழகானது என்றாலும் நாகமலைக்குத் திரும்ப வேண்டியவர்களுக்குக் காலைதான் நல்லது.

பதில் 3: கீழக்குயில்குடிக்காரி

இருவரும் நகரத்துக்குள்ளேயே நின்றுவிட்டீர்கள். சகோதரி குடியிருக்கும் இடத்திற்கு மிகப் பக்கத்தில் இருப்பவற்றை நான் சொல்கிறேன்.

முதலாவது, எங்கள் ஊர்ச் சமணர்மலை. அடிவாரத்தில் தாமரைக் குளமும், ஆலமரமும், அய்யனார் கோயிலும் இருக்கின்றன. மேலே பேச்சிப்பள்ளத்தில், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அவற்றின் கீழே, செதுக்கச் செய்தவர்களின் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. மதுரையில் பசுமை நடை என்னும் குழுவினர் ஞாயிற்றுக்கிழமைகளில் இதுபோன்ற தொன்மையான இடங்களுக்குப் பொதுமக்களை அழைத்துச் சென்று, அறிந்தவர்களைக் கொண்டு விளக்கம் சொல்ல வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். அத்தை மேலே ஏற வேண்டாம். ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் பேச்சுத் துணைக்கு வந்துவிடுவார்கள். பாறையில் பெயர் எழுதக்கூடாது, உருவங்களில் சாய்ந்து படம் எடுக்கக்கூடாது என்று மகளுக்குப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் இதை மீறுகிறார்கள் என்பது எங்களுக்குப் பெரும் வேதனை.

இரண்டாவது விளாச்சேரி. நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை வாங்க வெளியூர்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள், உங்களுக்கோ அது அடுத்த ஊர். ஆவணியிலேயே போனால் வீட்டு வாசல்களில் வண்ணம் பூசாத பொம்மைகள் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஒரு வீட்டில் அச்சிலிருந்து எடுத்த செட்டியார் பொம்மைகள் இருபது முப்பது, கண் எழுதப்படாமல் வரிசையாக இருந்தன. கண்ணை மட்டும் வீட்டின் மூத்த அம்மாதான் கடைசியில் எழுதுவாராம். விநாயகர் சதுர்த்தி முடிந்து கொலு, கொலு முடிந்து கார்த்திகை விளக்கு, அதன்பின் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் என்று அந்தத் தெருவில் ஆண்டு முழுவதும் எல்லாச் சமயத்தாரின் விழாவுக்கும் மண் பிசைகிறார்கள். வாங்கும்போது பேரம் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு மழை பெய்தால் அவர்களின் ஒரு வாரத்து வேலை போய்விடும்.

பதில் 4: புதுக்குடித்தனம்

எல்லோருக்கும் நன்றி. ஆவணி மூலத்தன்று நால்வரும் புட்டுத்தோப்புக்குப் போய் வந்தோம் என்பதைச் சொல்லவே மறுபடி எழுதுகிறேன்.

ஐயா சொன்னபடி காலையிலேயே ஆரப்பாளையத்தில் இறங்கிவிட்டோம். ஒரு வீட்டுத் திண்ணையில் இடம் கேட்டதும், அந்த வீட்டம்மா நாற்காலியே கொண்டுவந்து போட்டார்கள். அத்தை மதியம் வரை எழுந்திருக்கவே இல்லை. பிரம்படி விழுந்த நேரத்தில் மகள் என் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, "சாமி ஏன் அழவில்லை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அத்தைதான் "கிழவியின் புட்டைத் தின்றாரே, அந்தக் கடனுக்கு வாங்கிக்கொண்டார்" என்றார்கள். திரும்பும்போது வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்த புட்டை, உதிரும் என்பதால், மகள் பேருந்தில் கடைசி வரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டே வந்தாள்.

இப்போது அவளுக்குக் கொலுவில் வந்திக் கிழவி வேண்டுமாம். கூடையோடு புட்டு விற்கும் கிழவியும், மண் சுமக்கும் கூலியாளும் விளாச்சேரியில் கிடைப்பார்களா?

பதில் 5: கீழக்குயில்குடிக்காரி

ஆயத்தமாக இருக்கிறதா என்று நேரில்தான் பார்க்க வேண்டும், சகோதரி. இல்லையென்றால் சொல்லிச் செய்துகொள்ளலாம். ஆனால் இந்த வாரமே போய்விடுங்கள். கொலு நெருங்கி எல்லா வீடுகளிலும் வண்ணம் பூசத் தொடங்கிவிட்டால், புதிய பொம்மைக்கு மண் எடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. கிழவியின் உயரம் எவ்வளவு வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து எடுத்துச் செல்லுங்கள். மகளையே வரையச் சொல்லுங்கள்.