ஃபுல் டிஸ்டன்ஸ் ட்ரையத்லான்: சைக்கிளில் நாலாவது மணி நேரத்தில் வயிறு ஒத்துழைக்க மறுக்கிறது

அலைகடந்தவன்

வணக்கம். ஹாஃப் தூரம் இரண்டு முறை முடித்தாயிற்று. அடுத்தது முழுத் தூரம்: 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். கையில் 11 வாரம் இருக்கிறது. நீச்சலைப் பற்றிக் கவலை இல்லை. நீண்ட சைக்கிள் பயிற்சியில் மூன்றரை மணி நேரம் தாண்டியதும் வயிறு உப்பி, உள்ளே தண்ணீர் குலுங்குகிறது. ஏப்பமும் குமட்டலும் வருகின்றன. இறங்கி ஓட ஆரம்பித்தால் எனர்ஜி ஜெல்லை நினைத்தாலே ஒமட்டுகிறது.

கடைசிப் பயிற்சியின் விவரம்: உடல் எடை 72 கிலோ. எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச உழைப்பு) 210 வாட், வீட்டுக்குள் டிரெய்னரில் 20 நிமிட டெஸ்ட் வைத்து எடுத்தது. 120 கி.மீ., 4 மணி நேரம், சராசரி 165 வாட், நார்மலைஸ்டு (ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் எடுத்த சராசரி) 172. இதயத் துடிப்பு முதல் மணி நேரத்தில் 138, கடைசி மணி நேரத்தில் 152. 20 நிமிடத்துக்கு ஒரு ஜெல், ஒவ்வொன்றிலும் 25 கிராம் கார்ப் (கார்போஹைட்ரேட்), முழுக்க மால்டோடெக்ஸ்ட்ரின். குடித்தது 2.5 லிட்டர் வெறும் தண்ணீர். முடிந்ததும் எடை 69.6. வெயில் 31 டிகிரி.

போட்டியிலும் இதே 165 வாட் என்றுதான் திட்டம். ஜெல் பிராண்டை மாற்றினால் போதுமா? உப்பு மாத்திரையைக் கூட்டணுமா? போட்டி நடுவில் இப்படி ஆனால் என்ன செய்வது?

வாட்கணக்கு

எண்களை இவ்வளவு தெளிவாகக் கொடுத்ததற்கு நன்றி. பதிலில் பாதி அதிலேயே கிடக்கிறது. பிராண்டை மாற்றி இது சரியாகாது. வயிற்றுக்குள் வந்து சேருவது ஒரு பக்கம், அதை உறிஞ்ச முடியாமல் போவது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்துதான் இந்த நிலை.

வியர்வைக் கணக்கை முதலில் பார்ப்போம். எடையில் 2.4 கிலோ குறைந்திருக்கிறது, 2.5 லிட்டர் குடித்திருக்கிறீர்கள். மொத்தம் 4.9 லிட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 1.2 லிட்டர். (ஜெல்லின் எடையைக் கூட்டணும், உடல் எரித்த எரிபொருளின் எடையைக் கழிக்கணும். இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரி ஆகிவிடும். நடுவில் சிறுநீர் கழித்திருந்தால் மட்டும் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.) குடித்ததோ மணிக்கு 625 மி.லி. எடையில் 3.3 சதவீதம் போயிருக்கிறது. துடிப்பு 138-லிருந்து 152-க்கு ஏறியதற்கு இதுவும் வெயிலும் போதும்.

அடுத்தது அடர்த்தி. மணிக்கு 75 கிராம் கார்ப், 625 மி.லி. தண்ணீர் என்றால் வயிற்றில் இருப்பது 12 சதவீதக் கரைசல். வழக்கமான ஸ்போர்ட்ஸ் டிரிங்க் 6 முதல் 8 வரைதான். கரைசல் கெட்டியாக ஆக, வயிறு அதைக் குடலுக்கு மெதுவாகத்தான் தள்ளும்.

மூன்றாவது, நீங்கள் எடுப்பது ஒரே வகைச் சர்க்கரை. மால்டோடெக்ஸ்ட்ரின் உடைந்தால் குளுக்கோஸ். குளுக்கோஸுக்குக் குடல் சுவரில் இருக்கும் வழி மணிக்குச் சுமார் 60 கிராமோடு நிரம்பிவிடும். ஃப்ரக்டோஸுக்கு வேறு வழி இருக்கிறது, நீங்கள் அதைத் தொடவே இல்லை. மணிக்கு 15 கிராம் மிச்சம் என்று வைத்தால் மூன்றரை மணி நேரத்தில் 50 கிராமுக்கு மேல் தேங்கி நிற்கும். தேங்கிய சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். மூன்றரை மணி நேரம் வரை ஒன்றும் தெரியாமல் இருந்து பிறகு திடீரென்று வருவதாகத் தோன்றுவது இதனால்தான். உண்மையில் இரண்டாவது மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வேகம். நார்மலைஸ்டு 172 என்றால் எஃப்டிபியில் 82 சதவீதம். அது ஹாஃப் தூரத்துக்கான உழைப்பு. முழுத் தூரத்துக்குப் பெரும்பாலான அமெச்சூர்களுக்கு 65 முதல் 75 சதவீதம்தான் சரி, ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுபவர்கள் அதிலும் கீழ்ப்பாதியில் இருக்கணும். அதோடு உங்கள் 210 வீட்டுக்குள் எடுத்தது. ஏரோ நிலையில், அதாவது காற்றுத் தடை குறைய முன்னால் குனிந்து படுத்துக்கொண்டு வெயிலில் ஓட்டும்போது அதே 210 வராது. உழைப்பு கூடினால் ரத்தம் காலுக்கும் தோலுக்கும் போகும், குடலுக்குக் கிடைப்பது குறையும். அப்போது எவ்வளவு நல்ல ஜெல்லானாலும் உள்ளே போகாது.

நான் சொல்வது 145 முதல் 150 வாட். மேட்டில் 175-ஐத் தாண்டக் கூடாது, இறக்கத்தில் 45 கி.மீ. வேகம் வந்ததும் மிதிப்பதை நிறுத்திவிடுங்கள். இதனால் எவ்வளவு நேரம் போகும்? சமதளத்தில் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 165-ஐ 148 ஆக்கினால் வேகம் மூன்றரை சதவீதம்தான் குறையும். 6 மணி நேரச் சைக்கிளில் 13 நிமிடம். எதிர்ப்பக்கம், மாரத்தானில் கடைசி 15 கி.மீ.யைக் கிலோமீட்டருக்கு 6:20-க்குப் பதில் 10 நிமிடத்தில் நடந்தால் 55 நிமிடம் போச்சு.

உணவு: மணிக்கு 80 கிராம், மால்டோடெக்ஸ்ட்ரின் 44, ஃப்ரக்டோஸ் 36. திரவம் 800 முதல் 850 மி.லி. வியர்வை முழுவதையும் ஈடுகட்டப் பார்க்க வேண்டாம், அந்த அளவு வயிறு தாங்காது. இந்த 80-ஐ இந்த வாரமே எடுக்காதீர்கள். 60-இல் ஆரம்பித்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 கிராம் கூட்டுங்கள், வாரத்தில் ஒரு நீண்ட பயிற்சியிலாவது போட்டி அளவிலேயே சாப்பிடுங்கள். கால் மாதிரி குடலும் பழகும். 11 வாரம் அதற்குத் தாராளம்.

உப்பும்தண்ணீரும்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் உடன்படுகிறேன். உப்பு மாத்திரையைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லணும், ஏனென்றால் இதில்தான் ஆபத்து இருக்கிறது.

உங்கள் பிரச்சினை உப்புக் குறைவு அல்ல. அடர்த்தியான வயிற்றில் மாத்திரையைப் போட்டால் அடர்த்தி இன்னும் ஏறும், குமட்டலும் கூடும். உப்பைக் குடிக்கும் திரவத்திலேயே கரைத்துவிடுங்கள். வியர்வையில் போகும் சோடியம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும், லிட்டருக்கு 200 மி.கிராமிலிருந்து 2,000 வரைகூட. உடை காய்ந்ததும் வெள்ளைப் பொடி படிகிறவர்கள் மேல்பக்கம். தொடக்கத்துக்கு லிட்டருக்கு 600 மி.கிராம் சோடியம் வைத்துப் பாருங்கள். சாதாரண உப்பு 1 கிராமில் சோடியம் 390 மி.கிராம், ஆகவே லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்பு. சமையலறைத் தராசு கிராமைச் சரியாகக் காட்டாது, 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். தசைப்பிடிப்புக்கு உப்புதான் மருந்து என்று எல்லோரும் சொல்வார்கள். பழகாத வேகத்தில் களைத்த தசைதான் பெரும்பாலும் பிடிக்கிறது.

மறுபக்கம்: பயந்துபோய்க் கண்ட இடத்தில் எல்லாம் வெறும் தண்ணீர் குடிப்பது மிக மோசம். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். விரல் வீங்கி மோதிரமோ கடிகாரப் பட்டையோ இறுகுவது, தலைவலி, வாந்தி, குழப்பம், எடை கூடியிருப்பது இவைதான் அறிகுறி. அப்போது தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு நேராக மருத்துவக் கூடாரத்துக்குப் போகணும். மெதுவாக முடிப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது, குடிக்க நேரம் நிறைய இருப்பதால். வெப்பத் தாக்குதலிலும் குழப்பமும் தள்ளாட்டமும் வரும். வியர்வை நிற்கவில்லையே என்று தைரியமாக இருக்காதீர்கள், வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் அது வரும்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: வலிக்கு இப்யூப்ரோஃபென் மாதிரி மாத்திரை போட்டுக்கொண்டு போட்டியில் இறங்காதீர்கள். நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும், குடல் சுவரையும் புண்ணாக்கும், சோடியம் குறையும் அபாயத்தையும் கூட்டும்.

அலைகடந்தவன்

82 சதவீதம் என்று பார்த்ததும்தான் உறைத்தது. ஹாஃபில் சரியாக இருந்த எண்ணை அப்படியே தூக்கி வைத்திருக்கிறேன். 148-க்கு மாற்றுகிறேன். ஆறேகால் மணி நேரத்துக்கு 500 கிராம் கார்ப் ஆகிறது, 20 ஜெல். அதைச் சைக்கிளில் எப்படி எடுத்துப் போவது?

சங்கிலிநெய்

ஜெல்லாக வேண்டாங்க, பாகாக எடுங்க. 750 மி.லி. பாட்டில் ஒன்றில் 240 கிராம் (மால்டோ 133, ஃப்ரக்டோஸ் 107), உப்பு 4 கிராம். வெதுவெதுப்பான தண்ணீரைப் பாதி ஊற்றி, பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குலுக்கி, பிறகு நிரப்புங்க. ஒரேயடியாகக் கொட்டினால் அடியில் கட்டி பிடித்துக்கும். இது மூன்று மணி நேரத்துக்கு. வெளியே மார்க்கரில் 250, 500 கோடு போட்டுக்கோங்க, ஒரு கோடு ஒரு மணி நேரம். கடிகாரத்தில் 15 நிமிட அலாரம் வைத்து, அலாரம் அடித்தால் பாகு இரண்டு மடக்கு, அதாவது 60 மி.லி., உடனே வெறும் தண்ணீர் 150 மி.லி. மணிக்கு 840 மி.லி. கணக்கு வந்துடும். தண்ணீரை ஏய்டு ஸ்டேஷனில் (வழியில் தண்ணீர் கொடுக்கும் இடம்) வாங்கி, ஏரோபாருக்கு (முன்கையை ஊன்றிப் பிடிக்கும் முன்கம்பிகள்) நடுவில் இருக்கும் பாட்டிலில் ஊற்றிக்கோங்க.

இரண்டாவது பாகு பாட்டிலை ஸ்பெஷல் நீட்ஸ் பையில் (நடுவழியில் எடுத்துக்க முன்பே கொடுத்து வைக்கும் பை) உறையவைத்துப் போடலாம். அந்தப் பை இல்லாத போட்டியும் உண்டு, வழிகாட்டிக் குறிப்பைப் படித்துட்டு முடிவு பண்ணுங்க. இல்லைன்னா இரண்டும் ஃப்ரேமிலேயே. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கூட்டில் மட்டும் பாகை வைக்காதீங்க. முதல் பள்ளத்திலேயே பாட்டில் எகிறி விழும், மூன்று மணி நேரச் சாப்பாடு ரோட்டில். அந்த இடத்தில் டூல் டப்பாவை வைங்க. எதற்கும் மேல் குழாயில் நாலு ஜெல்லை டேப் போட்டு ஒட்டுங்க.

டப்பாவில்: இரண்டு டியூப், இரண்டு டயர் லீவர், காற்றடிக்க இரண்டு சிஓ2 சிலிண்டர், மல்டி டூல், சங்கிலி அறுந்தால் இணைக்க ஒரு குயிக் லிங்க். 50 மி.மீ. ரிம் என்றால் டியூப் வால்வு 80 மி.மீ. இருக்கணும், குட்டை வால்வு டியூபை வைத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பவர்கள் ஒவ்வொரு போட்டியிலும் உண்டு. பஞ்சர் ஆனால் புது டியூபைப் போடும் முன் டயருக்குள் விரலை முழுச் சுற்று ஓட்டுங்க. முள் அங்கேயே இருந்தால் இரண்டாவது டியூபும் போச்சு. சைக்கிளைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போகிறீங்கன்னா, பின் டீரெய்லர் (சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) மாட்டும் ஹேங்கர் வளைந்திருக்கான்னு பாருங்க. பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது சங்கிலி ஆரக்கால் பக்கம் சாய்ந்தால் வளைந்திருக்கு.

வயிற்றுக்கும் சைக்கிளுக்கும் ஒரு தொடர்பு இருக்கு, யாரும் சொல்லலை. ஏரோ நிலையில் தொடை மேலே வரும்போது வயிற்றில் இடித்தால் இந்தப் பிரச்சினை இன்னும் மோசமாகும். கிராங்க் (பெடல் மாட்டும் தண்டு) 172.5 மி.மீ. இருந்தால் 165-க்கு மாற்றி சீட்டை அந்த வித்தியாசத்துக்கு உயர்த்தினால் இடுப்பு திறக்கும், அல்லது முன்கை ஊன்றும் பேடை 1 செ.மீ. உயர்த்திப் பாருங்க. மாற்றுவதாக இருந்தால் இந்த வாரமே, கடைசி மாதத்தில் கை வைக்காதீங்க.

கடைசி12கிமீ

போட்டி நடுவில் ஆனால் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சைக்கிளில் தண்ணீர் குலுங்க ஆரம்பித்ததும் 115 முதல் 125 வாட்டுக்கு இறங்குங்கள். 15 நிமிடம் பாகு வேண்டாம். தண்ணீர் ஓரிரு மடக்கு, மீதியைத் தலையிலும் கழுத்திலும் ஊற்றுங்கள். இரண்டு கையையும் பேஸ்பாரில் (பக்கத்துக் கைப்பிடிகளில்) வைத்து நிமிர்ந்து உட்காருங்கள். குலுங்கல் அடங்கியதும் பாதி அளவில் தொடங்குங்கள். விட்ட சாப்பாட்டைச் சேர்த்துப் பிடிக்க நினைப்பதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தப்பு, போனது போனதுதான். வாந்தி வந்துவிட்டால் 10 முதல் 15 நிமிடம் விட்டு மறுபடி சிறிது சிறிதாக. அதற்குப் பிறகு பலருக்கும் வயிறு லேசாகிவிடும்.

நீச்சலைக் கவலையில்லை என்று ஒதுக்கிவிட்டீர்கள். கடலில் குடித்த உப்புத் தண்ணீரும் இந்தக் கணக்கில் வரும். சைக்கிள் ஏறியதும் முதல் 15 நிமிடம் வெறும் தண்ணீர் மட்டும், அதன் பிறகே முதல் மடக்கு பாகு. அலையில் தலைசுற்றும் என்றால் காதுக்கு அடைப்பான் வையுங்கள், குளிர்ந்த தண்ணீர் காதுக்குள் போவதாலும் தலை சுற்றும்.

காலையில் 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள்: 140 கிராம் கார்ப், நாரும் கொழுப்பும் குறைவாக. நார்ச்சத்தை இரண்டு நாள் முன்பிருந்தே குறைத்துவிடுங்கள்.

சைக்கிளின் கடைசி 20 நிமிடத்தில் பாகை நிறுத்துங்கள், தண்ணீர் போதும். ஓட்டத்தில் 80 கிராம் வேண்டாம், மணிக்கு 45 முதல் 50. ஒரு ஜெல்லை மடக்கி இடுப்புப் பட்டையில் செருகி, 15 நிமிடத்துக்குப் பாதி, எப்போதும் தண்ணீரோடு. ஸ்போர்ட்ஸ் டிரிங்கோடு ஜெல்லைச் சேர்த்தால் மறுபடி அதே 12 சதவீதம். முதல் 3 கி.மீ. இலக்கைவிடக் கிலோமீட்டருக்கு 20 நொடி மெதுவாக. சைக்கிளிலிருந்து இறங்கியதும் 5:30 ஓட்டமே மெதுவாகத் தோன்றும், காலை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். ஒவ்வொரு ஏய்டு ஸ்டேஷனிலும் 30 அடி நடங்கள், நடக்கும்போது குடித்தால் காற்றை விழுங்க மாட்டீர்கள். கோலா 25 கி.மீ.க்குப் பிறகு. ஒருமுறை தொடங்கினால் முடியும்வரை விடக் கூடாது, நடுவில் நிறுத்தினால் படுத்துவிடும். வயிறு கலங்கி இருக்கும்போது கஃபீன் ஜெல் வேண்டாம், அடுத்த கழிப்பறைவரைகூடத் தாங்காது.

பயிற்சியில் இதைச் சோதிக்க ஒரே வழி: 5 மணி நேரம் 148 வாட்டில், முழுச் சாப்பாட்டோடு, இறங்கியதும் 8 கி.மீ. ஓட்டம். ஏறும் முன்பும் இறங்கியதும் எடை பாருங்கள். போட்டிக்கு ஆறு வாரமும் நாலு வாரமும் இருக்கும்போது இரண்டு முறை. இரண்டாவதில் 6-ஆவது கிலோமீட்டரில் ஜெல் சாதாரணமாக உள்ளே போனால் 80 கிராமை வைத்துக்கொள்ளுங்கள். போகவில்லை என்றால் 65-க்கு இறங்குங்கள், வாட்டையும் 142 ஆக்குங்கள்.