பாதி இலையில் நின்றுபோன ஊசி: பழைய பூவேலைத் துணிகளோடு உங்கள் அனுபவங்கள்

கொட்டகலைக்காரி:
ஹட்டனில் பாவித்த உடுப்புகளைக் குவித்து விற்கும் ஒரு தெருக்கடையில் 300 ரூபாய்க்கு வாங்கிய மேசை விரிப்பைப் பற்றி யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பூவேலை உள்ள பகுதிகளை வெட்டியெடுத்துத் துணிப்பைகளில் வைத்துத் தைப்பது என் வழக்கம் என்பதால், கத்தரிக்கோலும் கையுமாகத்தான் அதை விரித்தேன். மூன்று மூலைகளில் ரோஜாக் கொத்து முடிந்திருந்தது. நான்காவதில் பூக்கள் இருந்தன, இலைகள் இல்லை. காபன் தாளில் பதித்த நீலக் கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஓர் இலையின் பாதியில், பச்சை நூல் கோத்தபடியே, ஊசி துணியோடு துருவேறி ஒட்டியிருந்தது. கோடு அழியாதிருப்பதைப் பார்த்தால், அந்தத் துணி ஒருமுறைகூடத் தண்ணீரைக் கண்டிருக்காது. வெட்ட மனம் வரவில்லை. தைத்து முடிக்கவும் கை எழவில்லை. ஆறு வாரமாக அலுமாரியில் கிடக்கிறது.

பண்டாரவளை மருமகள்:
மாமியின் மயில் தலையணை உறையைப் புதுப்பிக்கிறேன் என்று வெந்நீரில் ஊறவைத்தவள் நான். சிவப்பு நூல் சாயம்விட்டு, வெள்ளைத் துணி முழுவதும் இளஞ்சிவப்பாகிவிட்டது. மாமி திட்டவில்லை, உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மயிலுக்கு வெட்கம் வந்துவிட்டது" என்றார். அந்தச் சொல் இன்னும் குத்துகிறது. ஆகவே கேளுங்கள்: முதலில் ஊசியை எடுத்துவிடுங்கள், துரு நூலையும் அரிக்கும். நனைத்த வெள்ளைப் பஞ்சை ஒவ்வொரு நிறத்தின் மேலும் அழுத்திப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தத் துணியைக் கழுவாதீர்கள். ஏறாவிட்டால் குளிர்ந்த நீரும் மென்மையான சவர்க்காரமும் போதும். குளோரின் வேண்டவே வேண்டாம். துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டு வெயிலில் வையுங்கள். கறை போகுமுன் இஸ்திரி போட்டால் அது நிலைத்துவிடும். இஸ்திரி போடும்போது தடித்த துவாயின் மேல் பூவேலையைக் கவிழ்த்துப் போடுங்கள், இல்லையேல் தையல் தட்டையாகிவிடும்.

மஸ்கெலியா பேரன்:
பண்டாரவளை அக்கா, அவர் கறை போக்க வழி கேட்கவில்லையே. எலுமிச்சைச் சாறு பச்சை நூலை வெளுக்கச் செய்யும், சரியாக அலசாவிட்டால் பருத்தியையும் நலிவாக்கும். தவிர, இந்த மாதத்தில் எங்கள் பக்கம் வெயிலுக்கு எங்கே போவது?

மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்பதாகச் சொன்ன 525,000 பேரில் எங்கள் அப்பாயியின் தங்கை குடும்பமும் அடக்கம். எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறப் புறப்பட்ட அன்று, பாதி தைத்த கிளி உறையொன்றை அப்பாயியின் கையில் கொடுத்து, முடித்து அனுப்பச் சொன்னாராம். அப்பாயிக்குக் கொழுந்து பறிக்கத் தெரியும், பூவேலை தெரியாது. கடைசிவரை வீட்டின் பிறப்புச் சான்றிதழ்களையும் குடியுரிமைப் பத்திரங்களையும் அதில்தான் சுற்றி வைத்திருந்தார். படச்சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று சென்ற வருடம் நான் பிரித்தபோது, மடிப்பு விழுந்த இடத்தில் துணி இற்று, கிளியின் கழுத்து என் விரல்களுக்கிடையிலேயே விட்டுப்போனது. இப்போது அடியில் வெள்ளைத் துணி கொடுத்துத் தைத்து வைத்திருக்கிறேன். பழைய பூவேலையை மடிக்காதீர்கள், குழலில் சுருட்டி வையுங்கள். (நானும் அறிவுரை சொல்லிவிட்டேன்.)

ஹட்டன் தையற்காரர்:
பிறர் விட்டதை முடிப்பதில் பிழை இல்லை என்பது என் எண்ணம். ஒரு வாடிக்கையாளரின் தாயார் விட்டுச்சென்ற திரைச்சீலையில் ஓர் இலையைத் தைத்துக் கொடுத்தேன். நிறம் அச்சாகப் பொருந்தியது. அவரோ கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவி, நேராக என் இலையில் விரலை வைத்து, "இது அம்மா இல்லை" என்றார். பூத்தையல் நூலில் ஆறு இழைகள் உண்டு. தாயார் இரண்டைப் பிரித்துத் தைத்திருக்க, நான் மூன்றை எடுத்திருந்தேன். பிரித்துத் தரவா என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். முடிப்பதானால் முதலில் இழையை எண்ணுங்கள்.

கொட்டகலைக்காரி:
எண்ணினேன். பூக்களுக்கு மூன்று இழை, இலைகளுக்கு இரண்டு. பச்சையில் அதே சாயலைத் தேடி இரண்டு கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. ஊசியில் இன்னும் ஒரு சாண் நூல் மிச்சம் இருக்கிறது. அந்த இலைக்கு அது போதும்.