பத்தில் ஆறு கடன், நாலு சொந்தம்: சிண்டி லாப்பரின் முதல் ஆல்பம் பற்றிய அனுபவப் பகிர்வு

திரி தொடங்கியவர்

பாதி சொந்தப் பாட்டு, பாதி கவர் (பிறர் பாட்டை எடுத்து மறுபடி பாடுவது) என்று ஆல்பம் போடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: எந்த ஹிட்டை எடுத்துப் பாடலாம்? கேள்வியே தப்பு. 1983 அக்டோபர் 14-ல் வெளிவந்த அமெரிக்கப் பாடகி சிண்டி லாப்பரின் 'ஷீஸ் சோ அன்யூஷுவல்' ஆல்பமே அதற்குச் சாட்சி.

மொத்தம் பத்துப் பாட்டு. அதில் லாப்பர் எழுத்தில் பங்குள்ளவை நாலுதான்: 'டைம் ஆஃப்டர் டைம்', 'ஷீ பாப்', 'விட்னஸ்', 'ஐ'ல் கிஸ் யூ'. மீதி ஆறும் பிறர் சரக்கு. ஆனால் அந்த ஆறில் எதுவும் அப்போது அமெரிக்க ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த ஹிட் இல்லை. 'மனி சேஞ்சஸ் எவ்ரிதிங்' டாம் கிரே எழுதியது, தி பிரெய்ன்ஸ் என்ற சின்ன பேண்டின் பாட்டு. 'வென் யூ வேர் மைன்' பிரின்ஸின் 1980 ஆல்பத்தில் உள்ளே கிடந்தது. 'ஆல் த்ரூ தி நைட்' ஜூல்ஸ் ஷியருடையது. 'யெ யெ' ஸ்வீடன்காரர் மிக்கேல் ரிக்ஃபோர்ஸ் பாடியது. 'கேர்ள்ஸ் ஜஸ்ட் வான்ட் டு ஹாவ் ஃபன்' ராபர்ட் ஹஸார்டு 1979-ல் டெமோவாக (மாதிரிப் பதிவாக) போட்டு வைத்திருந்தது. ஆறாவது 'ஹீஸ் சோ அன்யூஷுவல்', 1929-ல் ஹெலன் கேன் பாடிய பாட்டு, இங்கே 45 நொடிதான்.

பாட்டு நல்ல பாட்டு, ஆனால் கேட்பவர் காதில் இன்னொரு குரல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கவில்லை. அதுதான் தேர்வு. பில்போர்டு என்ற அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் முதல் ஐந்துக்குள் போன நாலு பாட்டில் இரண்டு சொந்தம், இரண்டு கடன்.

இதைப் பிரித்துக் கேட்டவர்கள், மேடையில் வாசிக்கிறவர்கள், ரெக்கார்டிங் பக்கம் இருப்பவர்கள் கைக்கு வந்த விவரத்தைப் போடுங்கள். முதன்முதலில் எப்போது கேட்டேன், யாரோடு கேட்டேன் என்கிற மலரும் நினைவுகளுக்கு வேறு திரி இருக்கிறது.

கீபோர்டு வாசிப்பவர்

'கேர்ள்ஸ்' எஃப் ஷார்ப் மேஜர். நம்ம கணக்கில் நாலரைக் கட்டை. கறுப்புக் கட்டை ஐந்தும் வரும் என்பதால் பலர் சி-யில் வாசித்து டிரான்ஸ்போஸ் (சுருதியை நகர்த்தும்) பட்டனை ஆறு தட்டு தட்டிவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் அடுத்த பாட்டு 'டைம் ஆஃப்டர் டைம்' என்றால் அது சி மேஜர், ஒரு கட்டை. பட்டனைத் திருப்ப மறந்தால் பாடுபவர் ஒரு ஊரிலும் நீங்கள் இன்னொரு ஊரிலும் இருப்பீர்கள். மெல்லிசை மேடையில் அடிக்கடி நடக்கிற விபத்து இது. பாட்டு வரிசைத் தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் டிரான்ஸ்போஸ் எண்ணை எழுதிவிடுங்கள், பூஜ்யமாக இருந்தாலும்.

மெலோடிகா விஷயம். 'மனி சேஞ்சஸ் எவ்ரிதிங்' சோலோவைப் பலரும் ஹார்மோனிகா என்றோ சின்தசைசர் என்றோ நினைக்கிறார்கள். ஆல்பத்தில் வாசித்த ராப் ஹைமன் ஊதியது மெலோடிகா, வாயால் ஊதிக்கொண்டே கட்டை அழுத்தும் சின்ன வாத்தியம். அவரும் எரிக் பஸீலியனும் இருந்த பேண்டின் பெயரான 'ஹூட்டர்ஸ்' கூட அந்த வாத்தியத்துக்கு வைத்த செல்லப் பெயரிலிருந்து வந்ததுதான். 32 கட்டை மெலோடிகா போதும்.

கவனிக்க வேண்டியது சுருதி. கடையில் கிடைக்கும் மெலோடிகா பலவும் ஏ 442 ஹெர்ட்ஸில் டியூன் ஆகியிருக்கும். உங்கள் கீபோர்டு 440. வித்தியாசம் ஏறக்குறைய 8 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் எட்டு பங்கு). தனியாகக் கேட்டால் தெரியாது, ஆர்கனோடு சேர்த்து நீட்டிப் பிடித்தால் அலை அலையாக அடிக்கும். கீபோர்டின் ஃபைன் டியூனை 442-க்கு ஏற்றுங்கள், கிடாரும் பேஸும் அதற்கே வரட்டும். அடுத்தது, வேகமாக ஊதினால் சத்தம் கூடும் என்று நினைத்து ஊதினால் சுருதி இறங்கும். நாக்குத் தகடு வாத்தியம் எல்லாவற்றுக்கும் அந்தக் குணம் உண்டு. மைக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டு மிதமாக ஊதுங்கள். எச்சில் ஈரம் சேர்ந்தால் ஒரு கட்டை மட்டும் ஊமையாகிவிடும். நீர் வடியும் பொத்தானை அழுத்திக்கொண்டு, எந்தக் கட்டையையும் தொடாமல் ஊதி வெளியேற்ற வேண்டும்.

கிடார் வாசிப்பவர்

அண்ணன் சொன்ன நாலரைக் கட்டைக்குக் கிடாரில் இரண்டு வழி. கேப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பை) இரண்டாம் ஃப்ரெட்டில் போட்டு ஈ வடிவங்கள் பிடிக்கலாம். அல்லது ஆறு கம்பியையும் அரைச் சுரம் இறக்கி ஜி வடிவங்கள் பிடிக்கலாம். பாடுபவருக்கு மேடையன்று தொண்டை சரியில்லை என்றால் முதல் வழிதான் உதவும், கேப்போவைக் கழற்றினால் உடனே ஒரு முழுச் சுரம் கீழே வந்துவிடலாம்.

'டைம் ஆஃப்டர் டைம்' பல்லவியின் கார்டு வரிசை ஜி, ஏ மைனர், எஃப், ஜி, சி. பாட்டின் வீடான சி வருவது தலைப்புச் சொல்லின் முடிவில். அதுவரை வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டே இருக்கிறது பாட்டு. இதை 'எளிமையாக்கி' பல்லவியைச் சி-யிலேயே தொடங்குகிறவர்களைக் கேட்டிருக்கிறேன், பாட்டு செத்துப்போகிறது. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1985-ல் டிரம்பெட்டில் எடுத்து வாசித்தார் என்றால் அந்த மெட்டில் சொல் இல்லாமலே நிற்கிற பலம் இருக்கிறது. அதை நீங்கள் செதுக்க வேண்டியதில்லை.

மிக்ஸிங் செய்பவர்

டெம்போ பற்றி ஒரு பொறி. 'டைம் ஆஃப்டர் டைம்' சுமார் 130 பிபிஎம் (நிமிடத்துக்கு 130 அடி). மெதுவான பாட்டு என்று 65-ல் புராஜெக்ட் திறப்பவர்கள் உண்டு. கிளிக் பொருந்தும், பிழை தெரியாது. ஆனால் டெம்போவோடு பூட்டிய டிலே (எதிரொலி) போட்டவுடன் எல்லாம் இரட்டிப்பாகும். 130-ல் புள்ளி வைத்த எட்டாம் மாத்திரை 346 மில்லிநொடி, 65-ல் அதே அமைப்பு 692. எதிரொலி அடுத்த வரி மேல் ஏறி உட்காரும். 'டிலே நன்றாக இல்லை' என்று பிளகின்னை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், கோளாறு அங்கே இல்லை.

'கேர்ள்ஸ்' சுமார் 120. அந்தக் காலத்து வெட்டுப்பட்ட ஸ்னேர் டிரம் சத்தம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: ஸ்னேரை ஒன்றரை முதல் இரண்டு நொடி நீளமுள்ள ரூம் அல்லது பிளேட் ரிவர்புக்கு அனுப்புங்கள். ரிவர்புக்குப் பின்னால் கம்ப்ரெஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது), அதற்குப் பின்னால் கேட் (குறித்த அளவுக்குக் கீழே போகும் சத்தத்தை அடைப்பது). 120-ல் ஒரு அடி 500 மில்லிநொடி, அரை அடி 250. ஹோல்டு 200, ரிலீஸ் 50 வைத்தால் வால் சரியாக அரை அடியில் அறுந்து விழும். கேட்டைத் திறக்கும் சமிக்ஞையை ரிவர்பிலிருந்து எடுக்காதீர்கள், ரிவர்ப் படாத ஸ்னேரிலிருந்து சைட்செயினில் (கேட்டுக்குத் தனியாகச் சமிக்ஞை கொடுக்கும் பாதையில்) எடுங்கள். இல்லாவிட்டால் கேட் திறந்து மூடும் அளவுக்கு அருகே அளவு ஏறி இறங்கும்போது கேட் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஸ்னேர் மைக்கில் ஹை-ஹாட் கசிந்தால் ஒவ்வொரு ஹாட்டுக்கும் கதவு திறக்கும். சைட்செயின் பாதையில் ஒரு ஃபில்டர் வைத்து 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டுங்கள்.

இன்னொன்று. 'ஆல் த்ரூ தி நைட்' மூலத்தில் கிடார் சார்ந்த பாட்டு, இங்கே சின்த் பாட்டு. ஆனாலும் பின்குரல் ஜூல்ஸ் ஷியரே பாடியது. எழுதியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாட்டின் உடையை மாற்றியிருக்கிறார்கள். தயாரிப்பாளர் ரிக் செர்டாஃப் பெயரை ரசிகர்கள் போதுமான அளவு சொல்வதில்லை.

பாட்டுக் கற்றுத்தருபவர்

அந்தக் குரலைப் போலி செய்வதில் ஆபத்து இருக்கிறது. விக்கல் மாதிரி உடைகிற சத்தத்தைத் தொண்டையை இறுக்கித்தான் எடுக்கிறார்கள் பிள்ளைகள். இரண்டு பாட்டில் குரல் கம்மிவிடும். லாப்பருக்கே 1977-ல் குரல்நாண் பழுதாகி, இனிப் பாட முடியாது என்று மருத்துவர்கள் சொன்ன நிலையிலிருந்து கேட்டி அக்ரெஸ்டா என்ற குரல் பயிற்சியாளர்தான் மீட்டார். நமக்குக் கேட்கிற 'கிறுக்குக் குரல்' பயிற்சிக்குப் பிறகு வந்த குரல். உயிரெழுத்தைப் பல்லுக்குப் பின்னால் பளிச்சென்று முன்னே வையுங்கள், தாடை தளர்ந்திருக்கட்டும், மூச்சு வயிற்றிலிருந்து வரட்டும். உடைப்பு தானாக வந்தால் வரட்டும். வலி தெரிந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும்.

சொல் மாற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'கேர்ள்ஸ்' ஆண் பார்வையில் எழுதப்பட்டது, அவர் அதைப் பெண் வாயில் பொருந்தும்படி திருப்பினார். 'வென் யூ வேர் மைன்' பாட்டிலோ ஆண்-பெண் சுட்டை மாற்றாமல் பிரின்ஸ் எழுதியபடியே பாடினார், வேகத்தை மட்டும் குறைத்தார். முதலாவதில் மாற்றாவிட்டால் பாட்டே நிற்காது. இரண்டாவதில் மாற்றினால் அதிலிருக்கும் முள் போய்விடும். கவர் எடுக்கும் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் எல்லா 'அவனை'யும் 'அவள்' ஆக்கிவிடுகிறார்கள். வரி வரியாக யோசித்துச் செய்யுங்கள் கண்ணுகளா.

எல்பி சேகரிப்பவர்

பாட்டு வரிசையை இசைத்தட்டின் கண்ணோடு பாருங்கள். முதல் பக்கம் சுமார் 18 நிமிடம், இரண்டாம் பக்கம் 20 நிமிடம் சொச்சம். இரண்டும் 22-க்குள் இருப்பதால் சத்தம் குறையாமல் வெட்ட முடியும். தட்டின் வெளிவட்டத்தில் ஊசிக்குக் கீழே பள்ளம் நொடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது, உள்வட்டத்தில் 21 செ.மீ.தான். உள்ளே போகப் போக 'ஸ' சத்தம் சிராய்க்கும். முதல் பக்கத்தின் உள்வட்டத்தில் இருப்பது அமைதியான 'டைம் ஆஃப்டர் டைம்', அதனால் தப்பித்தது. இரண்டாம் பக்க முடிவில் ஆர்ப்பாட்டமான 'யெ யெ'. பழைய பிரதி வாங்கும்போது அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தேய்ந்த ஊசி ஓடியிருந்தால் அங்கேதான் மாட்டும். உங்கள் ஊசி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதற்கும் அதே பாட்டுதான் பரீட்சை, பேர்வால்டு என்ற ஊசி பொருத்தும் கணக்கில் தட்டின் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. இரண்டு புள்ளியிலும் தலை நேராக நிற்க வேண்டும்.

அட்டை பத்திரமா என்று பாருங்கள், அதற்கே தனி மதிப்பு. கோனி ஐலண்டில் ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம், வடிவமைப்பு ஜேனட் பெர், ஆல்பம் அட்டைக்கான கிராமி வாங்கியது. பின்னட்டையில் செருப்பின் அடிப்பாகத்தைப் பார்த்தால் வான்கோவின் நட்சத்திர இரவு தெரியும். அந்த இடத்தில்தான் பழைய பிரதிகளில் வட்டத் தேய்மானம் விழுந்து கெட்டிருக்கும்.

ராயல்டி வேலை பார்ப்பவர்

மேலே சொல் மாற்றுவது பற்றி வந்ததால் இது. லாப்பர் சொற்களைத் திருப்பியும் 'கேர்ள்ஸ்' எழுத்தாளர் பெயர் ராபர்ட் ஹஸார்டு மட்டும்தான். பாட்டு எத்தனை கோடி தடவை ஓடினாலும் எழுத்து ராயல்டி அந்தப் பக்கம் போகும். கவர் எடுக்கிறவர் முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் ஒருமுறை வெளியான பாட்டை பதிப்புரிமைச் சட்டம் 115-ஆம் பிரிவின் கட்டாய உரிமத்தில் (எழுதியவர் மறுக்க முடியாது, கட்டணம் கட்டினால் போதும்) மறுபதிவு செய்யலாம். 5 நிமிடத்துக்குள் இருந்தால் ஒரு பிரதிக்கு 2025-ல் 12.7 சென்ட். ஐந்தைத் தாண்டினால் நிமிடக் கணக்கு, துண்டு நிமிடமும் முழு நிமிடம். இந்த ஆல்பத்தில் 'மனி சேஞ்சஸ்', 'வென் யூ வேர் மைன்' இரண்டுமே 5:06. இன்றைக்கு அதே நீளத்தில் போட்டால் ஆறு நொடிக்காக ஆறு நிமிடக் காசு. ஃபேடை (முடிவில் சத்தம் தேய்ந்து மறையும் இடத்தை) ஏழு நொடி முன்னால் இழுங்கள். வெளிவராத டெமோவுக்கு இந்த உரிமம் கிடையாது, எழுதியவரிடம் நேராக அனுமதி வாங்க வேண்டும்.

சென்னையில் பதிவு செய்பவருக்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். முன்கூட்டியே நோட்டீஸ், அட்டை மாதிரி, முன்பணமாக ராயல்டி. ஆண்டுக்கு ஒரு பாட்டுக்குக் குறைந்தபட்சம் 50,000 பிரதிக்கான தொகை. அட்டையில் 'கவர் வெர்ஷன்' என்று போட வேண்டும், மூலப் பாடகர் பெயரோ படமோ கூடாது. தொழில்நுட்பத் தேவைக்கு மேல் மெட்டையோ சொல்லையோ மாற்றக் கூடாது. ஆக 'கேர்ள்ஸ்' மாதிரி திருப்புகிற வேலைக்கு இந்தப் பிரிவு உதவாது, நேரடி அனுமதிதான்.

வீடியோ போடுவதென்றால் அது வேறு உரிமம். இரண்டு சட்டத்திலும் மேலே சொன்னது ஒலிப்பதிவுக்கு மட்டும்.

கீபோர்டு வாசிப்பவர்

ராயல்டி சார், ஃபேடை இழுப்பதென்றால் மெலோடிகா சோலோவில் கை வைத்துவிடாதீர்கள். முடிவில் வரும் திரும்பல்களில் ஒன்றைக் குறையுங்கள், ஏழு நொடி அங்கேயே கிடைக்கும்.