ஷீயின் கிராமத்துப் பாதிக் கூடும் லெய்சு அரசியும்

நூற்பாளன்:
"மஞ்சள் பேரரசர் ஹுவாங்தியின் மனைவி லெய்சு தேநீர் குடிக்கும்போது கோப்பையில் ஒரு பட்டுப்புழுக் கூடு விழுந்தது, இழை பிரிந்தது, கி.மு. 2640இல் பட்டு பிறந்தது. ஷீயின் கிராமத்தில் 1926இல் கிடைத்த கூடே அதற்குச் சான்று." செங்கதிர் நேற்று எழுதியது இது. படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போக முடியவில்லை.

சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில், அந்த ஷீயின் கிராமத்தில், அகழாய்வாளர் லீ ஜி தோண்டியெடுத்தது பாதிக் கூடு. நீளம் 1.36 செ.மீ., அகலம் 1.04 செ.மீ. கூரிய கருவியால் அறுத்த கூடு அது. புழு தலையை எட்டு வடிவில் ஆட்டி ஆட்டி ஒரே இழையை அடுக்கடுக்காகப் படியவைத்துத்தான் கூடு கட்டுகிறது. அதில் கத்தி பட்டால் அந்த ஒரே இழை எண்ணற்ற துண்டாகிவிடும். அறுத்த கூட்டில் நூல் எடுக்க முடியாது. அதைக் கொண்டுவந்து பட்டு நூலுக்குச் சான்று என்கிறீர்களே!

செங்கதிர்:
நூல் எடுக்க அறுத்தார்கள் என்று நான் எங்கே சொன்னேன்? கூட்டை வீட்டுக்கு எடுத்துவந்து அறுத்துப் பார்க்கும் அளவுக்கு அவர்களுக்கு அதில் அக்கறை இருந்திருக்கிறது. லெய்சு காலத்துக்கு முன்பே அந்தத் தேடல் தொடங்கிவிட்டது என்பதுதான் பொருள். ஒரு நாடே ஈராயிரம் ஆண்டாகப் பட்டுத் தெய்வமாகக் கும்பிடும் பெண்மணியை ஒரு கத்தியை வைத்துக் கழித்துக்கட்டாதீர்கள்.

ஓலைவாசி:
ஈராயிரம் ஆண்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? வரலாற்றாசிரியர் சீமா சியான் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் எழுதிய 'ஷிஜி' என்ற வரலாற்று நூல் லெய்சுவை ஷீலிங் குலத்துப் பெண், ஹுவாங்தியின் மனைவி என்கிறது, பிள்ளைகளைச் சொல்கிறது. பட்டைப் பற்றி அங்கே ஒரு சொல்கூட இல்லை. ஹான் வம்ச அரண்மனை பட்டுத் தெய்வமாகப் பூசை செய்தது வேறு இரண்டு பெண்களுக்கு. ஷீலிங் பெண்ணுக்கு அந்த இடம் கிடைத்தது வடக்கு சோவ் ஆட்சியில், அதாவது கி.பி. 557க்கும் 581க்கும் இடையில்.

செங்கதிர்:
ஏட்டில் பிந்தி ஏறினால் நினைவும் பிந்தியதா? ஹெனான் மாகாணத்தில் ஷுவாங்ஹுவாய்ஷு அகழாய்வு மேட்டில் பன்றித் தந்தத்தில் செதுக்கிய பட்டுப்புழு கிடைத்திருக்கிறது, சுமார் 5300 ஆண்டுப் பழமை. அருகே சிங்தாயில் குழந்தைகளைப் புதைத்த தாழிகளில் பட்டுத் துணியின் எச்சமே கிடைத்தது. ஹுவாங்தியின் மண் அதுதான்.

நூற்பாளன்:
மண் அது, காலம் அதுவா? சிங்தாய்த் துணிக்கு 5500 ஆண்டு. உங்கள் கி.மு. 2640க்கு சுமார் 4660. இடையில் 800 ஆண்டுக்கு மேல்! அதே ஹெனானின் ஜியாஹுவில் 8500 ஆண்டுக்கு முந்தைய புதைகுழி மண்ணில் பட்டுப் புரதம் கண்டிருக்கிறார்கள். யார் முதலில் என்று கேட்டால் லெய்சு வரிசையில் எங்கோ பின்னால் நிற்கிறார்.

கோப்பைக்கு வருவோம். கூட்டின் எடையில் நாலில் ஒரு பங்கு செரிசின் என்ற பசை. அது இளகக் கொதிநிலையை ஒட்டிய வெந்நீரில் வேகவேண்டும். குடிக்கிற சூட்டில் இருக்கும் கோப்பையில் விழுந்த கூடு மிதக்கும், அவ்வளவுதான். வெந்த பிறகும் முனை உடனே வராது. மேலே இருக்கும் சிக்குப் பஞ்சை ஈர்க்குக் கட்டையால் தட்டிச் சுற்றி உருவி எறிந்தால்தான் உண்மையான முனை கிடைக்கும். வேக்காடு குறைந்தால் இழை அறும். கூடினால் கூடு குழைந்து இழை கொத்துக் கொத்தாகக் கழன்று வரும். முனை கிடைத்தாலும் ஒற்றை இழை 2 முதல் 3 டெனியர்தான் (டெனியர் என்பது இழையின் பருமனைச் சொல்லும் அளவு), நெசவுக்கு நிற்காது. 20/22 டெனியர் நூலுக்கு இக்காலக் கூடுகளிலேயே ஏழெட்டைச் சேர்த்து இழுக்கவேண்டும். உள்ளே புழு உயிரோடு இருந்தால் பத்துப் பதினைந்து நாளில் அந்துப்பூச்சி ஒரு முனையைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதற்குமுன் ஆவியிலோ வெயிலிலோ கொல்லவேண்டும். ஓட்டை விழுந்த கூடு பஞ்சாக நூற்கத்தான் ஆகும். அறுத்த கூடும் அப்படியே.

வேழன்:
போன மாதம் ஷென்னோங் என்ற தொன்ம மன்னரின் மூலிகை பற்றிய விவாதத்திலும் நூற்பாளன் இப்படித்தான் எல்லோரையும் மடக்கினார். அங்கே கொதிநீரில் இலை விழுந்து தேநீர், இங்கே தேநீரில் கூடு விழுந்து பட்டு. ஒரே அச்சில் வார்த்த கதைகள். மன்னர்களின் உண்மையான பங்களிப்பு வேண்டுமென்றால் வெள்ளத்தை அடக்கிய மன்னர் மகா யூவைப் பேசுங்கள். அப்பா குன் 9 ஆண்டு கரை கட்டித் தோற்றார். மகன் கால்வாய் வெட்டி 13 ஆண்டில் வெள்ளத்தை வடித்தார், மூன்று முறை வீட்டு வாசலைத் தாண்டியும் உள்ளே போகாமல்.

ஓலைவாசி:
13 'ஷிஜி'யின் கணக்கு. மூன்று முறை வாசல் தத்துவஞானி மென்சியஸ் சொன்னது. அவர் கணக்கில் 8 ஆண்டுதான். இரண்டையும் கலந்து புதுக்கதை பண்ணாதீர்கள்.

வேழன்:
எட்டோ பதின்மூன்றோ, வேலை நடந்ததா இல்லையா? மஞ்சள் ஆறு வண்டலைக் கொட்டிக் கொட்டித் தன் படுகையையே உயர்த்தும். கரையை மட்டும் கட்டினால் ஆண்டுதோறும் உயர்த்தவேண்டும். உடைந்தால் ஆறு ஊரைவிட உயரத்திலிருந்து பாயும். குன் தோற்றது அதனால்தான். ஜீஷி பள்ளத்தாக்கில் மலைச்சரிவு ஆற்றை அடைத்து, அது உடைந்து பெருவெள்ளம் வந்ததை 2016இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். கி.மு. 1920 வாக்கில்.

ஓலைவாசி:
அடைப்பு உடைந்த வெள்ளம் சில நாளில் வடிந்துவிடும். அதற்கு 13 ஆண்டு கால்வாய் எதற்கு?

வேழன்:
8 என்று சொன்னது நீங்கள்தானே!

செங்கதிர்:
இங்கே பேச்சு லெய்சுவைப் பற்றி. நூற்பாளன், அடுப்படியில் கொதிக்கும் பாத்திரத்தில் விழுந்திருந்தால்? கோப்பை என்பது பிற்காலத்தவர் சேர்த்தது. கதையின் உள்ளீடு அப்படியே நிற்கிறது.

நூற்பாளன்:
கோப்பை என்று எழுதியது நீங்கள். இப்போது பாத்திரம் என்கிறீர்கள், அடுத்து அண்டா வரும். நான் கேட்டது ஒன்றுதான்: அறுத்த கூட்டில் நூல் எப்படி எடுப்பீர்கள்? அந்தக் கூடு பட்டுப்புழுவினுடையதே இல்லை, மல்பெரி தின்னும் வேறொரு காட்டுப் பூச்சியினுடையது என்று சொல்லும் ஆய்வாளரும் உண்டு. இன்றைய கூடு சுமார் 3 செ.மீ. இருக்கும், இது அதில் பாதிகூட இல்லை.

செங்கதிர்:
வளர்ப்பின் தொடக்கத்தில் கூடு சிறிதாகத்தான் இருக்கும். அது எனக்குச் சாதகமான சான்று.

நூற்பாளன்:
சிறிதோ பெரிதோ, அறுத்த கூடு.

ஓலைவாசி:
வேழன், மென்சியஸின் வரியை நான் தரட்டுமா, நீங்களே தேடிக்கொள்கிறீர்களா?